பெரியப்பா தூங்கவில்லை: ரோபோ பணிமனையில் சிரிப்பைத் தடை செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி, கடலூர் வட்டாரத்துப் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. முதல்வர்களுக்கும், பணிமனைக் கண்காணிப்பாளர்களுக்கும், ரோபோ சங்கங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்களில் ஒருவருடைய கல்லூரியில், ரோபோ பணிமனைக் கதவில் அண்மையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டிருக்கிறது. உள்ளே சிரிப்பு, கேலி, கிண்டல் கூடாது. இயந்திரங்களுக்குப் பட்டப்பெயர் வைக்கக் கூடாது. மீறினால் பெற்றோரை அழைத்து வர வேண்டும். கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆனால் அதே தாளை நகலெடுத்துத் தங்கள் கதவிலும் ஒட்ட இன்னும் சிலர் யோசிப்பதாக மாணவர்கள் சொன்னார்கள். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன்.

நான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபிட்டராகச் சேர்ந்து, பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். பிள்ளைகள் கூப்பிட்டால் பஸ் ஏறிப் போய் வெல்டிங், ஒயரிங், பேரிங் மாற்றுவது என்று தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். சம்பளம் கிடையாது, டீயும் சமோசாவும் உண்டு. ஆகவே இந்த மடலால் எனக்கு நட்டம் என்றால் சமோசாதான்.

சுற்றறிக்கைக்குக் காரணம் ஒரு காணொளி. பாதிப் புதுச்சேரி அதைப் பார்த்துவிட்டது. பாதுகாப்பு வேலிக்குள் நிற்கும் ஆறு அச்சு (ஆறு மூட்டில் திரும்பும்) ரோபோ கை ஒன்று எவர்சில்வர் குவளையைத் தூக்கி டீ ஆற்றுகிறது. கீழே டம்ளரை ஏந்தியபடி ஒரு மாணவன் நிற்கிறான், தோளில் துண்டு. முதல் இரண்டு தடவையும் டீ தரைக்குப் போகிறது. மூன்றாம் தடவை கொஞ்சம் டம்ளருக்குள் விழுகிறது. "மாஸ்டர், சக்கரை கம்மி" என்கிறான். சுற்றி நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நிர்வாகத்தின் காதில் அந்தச் சிரிப்புதான் விழுந்திருக்கிறது. கல்லூரிக்குக் கெட்ட பெயர், மாணவர்களுக்குப் பொறுப்பில்லை, இயந்திரத்தின் விலை என்ன தெரியுமா என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

அதே காணொளியைச் சத்தத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அதில் எல்லோருடைய கைகளும் தெரிகின்றன. டம்ளர் ஏந்தியவனைத் தவிர எல்லாக் கைகளும் தட்டிக்கொண்டிருக்கின்றன. ரோபோவை இயக்கும் கைப்பெட்டியான டீச் பெண்டன்ட் யார் கையிலும் இல்லை. வேலிக் கதவு திறந்திருக்கிறது, பையன் உள்ளே நிற்கிறான், ரோபோ கை ஆடிக்கொண்டிருக்கிறது. மேனுவல் முறையில், அதாவது ஆள் பெண்டன்டைப் பிடித்து இயக்கும்போது, இப்படி ஆட வழியே இல்லை. பெண்டன்டின் பின்பக்கம் இருக்கும் சுவிட்சை ஒருவர் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மேனுவலில் கை அசையும். அப்போதும் அதன் நுனி நொடிக்கு 250 மி.மீ.க்கு மேல் வேகமெடுக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க உள்ள தர விதி. அப்படியென்றால் அது ஆட்டோவில், அதாவது புரோகிராம்படி தானாக, ஓடியிருக்கிறது. ஆட்டோவில், கதவு திறந்தால் நின்றுவிட வேண்டிய கை நிற்கவில்லை. கதவு சுவிட்சை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்.

நேரில் போய்ப் பார்த்தேன். சுவிட்சின் மேல் ஒரு சிறு காந்தம், அதன் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப். கதவு மூடியிருப்பதாகவே அந்தச் சுவிட்ச் நம்பிக்கொண்டிருக்கிறது. சுற்றறிக்கையில் காந்தத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அந்தக் காந்தத்தை டீ மாஸ்டர் பையன்கள் ஒட்டவில்லை. விசாரித்தபோது லேப் அசிஸ்டென்ட் தயங்கித் தயங்கிச் சொன்னார்: ஆயுத பூஜைக்கு ஒட்டியது. அன்று ரோபோ கையால் கற்பூர ஆரத்தி எடுக்க ஏற்பாடு. சிறப்பு விருந்தினர் வந்தார், வேலிக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். தீபம் சுற்றத் தொடங்கியதும் அவருக்குக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆசை. கதவைத் திறந்தார்கள். கதவு திறந்ததும் கை நின்றது. அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்தது. ஆரத்தி பாதியில் நின்றால் அபசகுனம் என்று ஒருவர் முணுமுணுத்தார். "ஏதாவது பண்ணுப்பா" என்று இன்னொருவர் லேப் அசிஸ்டென்டைப் பார்த்தார். ஒப்பந்தத்தில் வேலை செய்கிற மனிதர் வேறென்ன செய்வார்? மேசை மேல் இருந்த காந்தத்தை எடுத்து ஒட்டினார்.

பிறகு நடந்ததைக் கற்பனை செய்து பாருங்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் கை, நுனியில் எரியும் கற்பூரம், கழுத்து மாதிரியான இடத்தில் சாமந்தி மாலை, அதன் வீச்சுக்குள் பட்டுவேட்டியும் பட்டுப்புடவையுமாகக் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கும் பெரியவர்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அவ்வளவு பயபக்தி. அந்தப் பணிமனையில் நடந்தவற்றில் டீ ஆற்றியதைவிட இதுதான் எனக்கு அதிகம் குலை நடுங்க வைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது படம் எடுக்கப்பட்டு, கல்லூரி மலரில் முழுப் பக்கத்தில் வந்தது. டீ ஆற்றியவனுக்கோ பெற்றோரை அழைத்து வரும்படி கடிதம்.

(வேலிக்குப் பதில் ஒளித்திரை, அதாவது யாராவது குறுக்கே வந்தால் ரோபோவை நிறுத்தும் ஒளிக்கதிர் வரிசை, வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு ஒரு வார்த்தை. அதன் கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்தால் ரோபோ ஓடாது. பழுது என்று ஆள் அனுப்பக் கேட்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.)

எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் ஆயுத பூஜை உண்டு. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் பொட்டு வைப்பதற்கு முன் மெயினை இறக்கி, அதில் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வோம். அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு என்றுதான் என் அப்பா காலத்திலிருந்து வழக்கம். ஓய்வு நாளில் இயந்திரத்தை ஓடவிட்டுப் பூஜை செய்வது எப்போது வழக்கமானது என்று எனக்குப் புரியவில்லை.

இனி பட்டப்பெயருக்கு வருகிறேன். அந்தப் பெரிய கைக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் பெரியப்பா. முதலாண்டு மாணவர் யார் முதல்முறை உள்ளே வந்தாலும் மூத்தவர்கள் சொல்லும் முதல் வாக்கியம்: "பெரியப்பா தூங்கல, யோசிக்கிறாரு." நீங்கள் தடை செய்திருப்பது இந்த வாக்கியத்தைத்தான்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலை ரோபோ விபத்துகளின் வேர்களில் ஒன்று இதற்குள் இருக்கிறது. நின்றிருக்கும் ரோபோ வேறு, நிறுத்தப்பட்ட ரோபோ வேறு. புரோகிராமில் அடுத்த வரி ஒரு சென்சாரிடமிருந்து சிக்னல் எதிர்பார்த்தால், அது வரும்வரை கை சிலைபோல் நிற்கும். பத்து நொடியும் நிற்கலாம், பத்து நிமிடமும் நிற்கலாம். முடிந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் உள்ளே போய் சிக்கிக்கொண்ட பாகத்தை எடுத்துவிடுவார். அந்த எடுப்பே சென்சாருக்கு வேண்டிய சிக்னலாகிவிடும். கை முழு வேகத்தில் கிளம்பும். அதற்கு முன் உறுமலோ எச்சரிக்கையோ எதுவும் இராது.

ரோபோவால் உயிரிழந்த முதல் மனிதராகப் பதிவாகியிருப்பவர் ராபர்ட் வில்லியம்ஸ். 1979 ஜனவரி 25, அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளாட் ராக்கில், ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பாலை. பாகங்களை எடுத்துத் தரும் இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை என்று அவரே அடுக்கில் ஏறி எடுக்கப் போனார். இயந்திரக் கை வந்து மோதியது. இரண்டு ஆண்டு கழித்து, 1981இல் ஜப்பானில் அகாஷி நகரத்துக் கவாசாகி ஆலையில், முழுதாக அணைக்காத ரோபோவைப் பழுது பார்க்க வேலிக்குள் போன ஒருவரை அது பக்கத்து இயந்திரத்தோடு வைத்து அழுத்தியது. 2015இல் ஜெர்மனியின் பவுனாட்டால் நகரத்து ஃபோக்ஸ்வாகன் ஆலையில், ரோபோவை நிறுவிக்கொண்டிருந்த 22 வயது இளைஞர் மார்பு நசுங்கி இறந்தார். வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள், விளையாடிக்கொண்டிருந்தவர்கள் அல்லர்.

இந்தக் கதைகளைப் பவர்பாயின்ட்டில் போட்டால் முதலாண்டுப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். "பெரியப்பா யோசிக்கிறாரு" என்றால் வீட்டில் வாய் திறக்காமல் ஈசிச்சேரில் சாய்ந்திருந்து, திடீரென்று கையை ஓங்கும் ஒரு மனிதர் அவர்கள் கண்முன் வந்துவிடுகிறார். அன்றிலிருந்து நின்ற ரோபோவை அவர்கள் நம்புவதில்லை.

இன்னொன்றும் அந்தப் பிள்ளைகள் செய்கிறார்கள். தினமும் முதலில் வருபவர் பெரியப்பாவுக்கு வணக்கம் வைக்க வேண்டும். வணக்கம் என்றால், அவசரமாக நிறுத்தும் சிவப்புக் காளான் பட்டனை அழுத்தி, மோட்டார்களை ஓட்டும் டிரைவுக்குப் போகும் மின்சாரம் அறுந்ததா என்று பார்த்து, பட்டனைத் திருகி விடுவித்து, தானாகக் கிளம்பவில்லை என்றும் உறுதி செய்துகொள்வது. செய்யாதவர் அன்றைய டீக்குக் காசு கொடுக்க வேண்டும். இதை எந்தத் தணிக்கைக் குழுவும் சொல்லித் தரவில்லை. நம் ஊரில் இது கட்டாயம் தேவை. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கட்டடங்கள். ஒயர் நுனியில் பச்சை பூக்கிறது, லிமிட் சுவிட்சின் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகுகிறது. அவசர பட்டனின் தொடர்பு எப்போதும் மூடியிருக்கும்படியும் அழுத்தினால் திறக்கும்படியும் அமைத்திருப்பதே, ஒயர் அறுந்தாலும் இயந்திரம் நிற்கட்டும் என்பதற்காகத்தான். அப்படி இருந்தும் பட்டனின் இயங்குபகுதி சிக்கிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது. தேவைப்படும் அன்று முதன்முதலாக அழுத்திப் பார்ப்பது சரியான நேரமல்ல.

நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டியக்காரன் உண்டல்லவா? ராஜாவைக் கிண்டல் செய்வான், துரியோதனனையே வம்புக்கு இழுப்பான், பார்வையாளரைத் தூங்கவிட மாட்டான். அதே ஆள்தான் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், அடுத்து என்ன என்று சபைக்கு அறிவிப்பவனும். அவனை வெளியே அனுப்பிவிட்டு விடிய விடியக் கூத்து நடத்திவிட முடியாது. ரோபோ பணிமனையிலும் நல்ல கேலி இந்த வேலையைத்தான் செய்கிறது: எது எங்கே நிற்கிறது, அடுத்து எது அசையும் என்று எல்லோருக்கும் உரக்கச் சொல்கிறது.

எல்லாக் கேலியும் நல்லது என்று நான் வாதாடவில்லை. நானே தடை போட விரும்பும் கேலிகள் உண்டு. மடலின் இந்தப் பகுதி முதல்வர்களுக்கு மட்டுமில்லை. மடல் கைக்குக் கை மாறி உங்களிடம் வரும் என்பதால், பிள்ளைகளே, உங்களுக்கும்தான்.

சண்டை ரோபோ செய்கிறீர்கள். மும்பை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப விழாவான டெக்ஃபெஸ்ட்டுக்குப் போக வேண்டும் என்று ராத்திரி பகலாக வேலை. நல்லது. உங்கள் ஆயுதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 20 செ.மீ. விட்டம், 8 மி.மீ. தடிமன் கொண்ட எஃகுத் தட்டு ஏறக்குறைய 2 கிலோ வரும். அதை நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதில் தேங்கும் ஆற்றல் சுமார் 3,500 ஜூல். 60 கிலோ ஆள் 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தரையில் மோதுவது அந்த ஆற்றலோடுதான். தட்டின் விளிம்பு அப்போது மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் போகிறது. அதிலிருந்து ஒரு பல் உடைந்து பறந்தால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு பக்கத்து மேசையில் சால்டரிங் செய்பவனுக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமிருக்காது.

இதை வைத்துக்கொண்டுதான் ரிமோட்டில் "சும்மா ஒரு டச்" கொடுத்து ஜூனியரைத் துள்ள வைக்கிறீர்கள். சக்கரம் மட்டும்தான் அசைந்தது, ஆயுதச் சேனல் வேறு என்பீர்கள். உங்கள் கட்டைவிரலுக்கும் அந்த இரண்டு சேனலுக்கும் நடுவே இருப்பது ஓரிரு அங்குலம். களத்துக்கு வெளியே ஆயுதப் பூட்டு மாட்டியிருக்க வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்கும் லிங்க்கைக் கழற்றியிருக்க வேண்டும் என்று போட்டிகளில் விதி வைத்திருப்பது ரெஃப்ரீக்குப் பொழுது போகாமல் இல்லை. ரிமோட்டை அணைத்தால் ஆயுதம் நிற்கிறதா என்றும் பாருங்கள். மலிவான சில ரிசீவர்கள் சிக்னல் அறுந்தால் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துத் தொங்கும். ரிமோட் வைத்துப் பயமுறுத்துவது விளையாட்டில்லை. அதைச் செய்தவர் அந்தப் பருவம் முழுக்க ரிமோட்டைத் தொடக் கூடாது என்று சங்கமே முடிவெடுக்கலாம்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. முதலாண்டு மாணவி ஒருத்தி லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி உப்பியிருப்பதைப் பார்த்து, "அண்ணா, இது ஒரு மாதிரி இருக்கு" என்றாள். "நேத்து கறிவிருந்துக்குப் போயிருக்கும்" என்றான் ஒருவன். நல்ல நகைச்சுவைதான், நானும் கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். எல்லோரும் சிரித்தார்கள். பேட்டரி அதே மேசையில், அதே சார்ஜரில் இருந்தது. சிரித்ததோடு விஷயம் முடிந்துபோனதாக அத்தனை பேருக்கும் ஒரு நினைப்பு. செல்லுக்குள் வாயு சேர்ந்துதான் லிப்போ உப்புகிறது. அந்த நிலையில் மேலும் சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். பிடித்தால் அணைப்பது எளிதல்ல, புகையும் நச்சு. சரியான சார்ஜர் செல்லுக்கு 4.2 வோல்ட்டில் நிறுத்தும், ஆனால் உப்பிய செல்லை அதனால் குணமாக்க முடியாது. சார்ஜரை அணை, ஒயரைக் கழற்று, கட்டடத்துக்கு வெளியே இருக்கும் மணல் வாளியில் கொண்டு போய் வை. அதற்குப் பிறகு கறிவிருந்து ஜோக்கைச் சொல், நானும் வந்து கேட்கிறேன்.

அந்தப் பெண் அதற்கப்புறம் அந்தப் பணிமனையில் எதையும் சுட்டிக்காட்டவில்லை என்று அவளுடைய தோழி சொன்னாள். என் கணக்கில் அதுதான் பெரிய இழப்பு. கண்ணாடி மாட்டினால் "வெல்டிங் ஹீரோ", காது அடைப்பான் போட்டால் "தாத்தா", தள்ளி நின்றால் "பயந்தாங்கொள்ளி", துப்பட்டாவையும் பின்னலையும் முடிந்துகொண்டு வந்தால் அதற்கும் ஒரு பேச்சு. இந்த வகைக் கேலியால் ரோபோ ஒரு மில்லிமீட்டர்கூட அசைவதில்லை. ஆனால் அசையும்போது கத்த வேண்டிய வாயை மூடிவிடுகிறது.

பயம் பற்றி இயந்திரம் செய்தவர்களே யோசித்திருக்கிறார்கள். முன்பு சொன்ன பெண்டன்ட் சுவிட்சுக்கு மூன்று நிலை. விட்டால் நிற்கும், நடுவில் பிடித்தால் ஓடும், இறுக்கி நசுக்கினால் மறுபடி நிற்கும். ஏன் மூன்று? திடுக்கிட்ட மனிதன் கையில் இருப்பதை விட்டுவிடுவான், அல்லது உயிரைப் பிடிப்பதுபோல் இறுக்குவான். எதைச் செய்வான் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டில் எது நடந்தாலும் நிற்கட்டும் என்று அமைத்தார்கள். இயந்திரமே மனிதனின் பயத்துக்கு மரியாதை கொடுத்து நிற்கிறது. கூட இருப்பவர்கள் அதைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் எப்படி?

கடைசியாக, பொய்யாக "ஸ்டாப்!" என்று கத்துவது. ஷாக் அடித்ததுபோல் நடிப்பதையும் இதிலேயே சேர்த்துக்கொள்கிறேன். சிப்காட்டில் நாங்கள் பேசாத கேலி கிடையாது. மேனேஜரின் நடையிலிருந்து கேன்டீன் சாம்பார் வரை எதையும் விட்டதில்லை. ஆனால் ஆலையின் ஆபத்துச் சங்கை யாரும் விளையாட்டுக்கு ஊதியதில்லை. ஊதலாம் என்று நினைத்ததுகூட இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு அந்தச் சத்தத்தின் பொருள் தெரியும். நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் 2020 ஜூலை 1 அன்று கொதிகலன் வெடித்தது. மறு ஆண்டு மே மாதம் சிப்காட்டில் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் விபத்து. இரண்டிலும் எங்கள் ஊர்க்காரர்கள் உயிரிழந்தார்கள். "ஸ்டாப்" என்ற சொல்லும் பணிமனைக்குச் சங்குதான். ஒரு தடவை பொய்யாகக் கத்தினால், அடுத்த தடவை நிஜமாகக் கத்தும்போது எல்லோரும் அரை நொடி தாமதிப்பார்கள். ஆட்டோவில் ஓடும் கை அந்த அரை நொடியில் ஒரு மீட்டர் கடந்துவிடும்.

இங்கே முதல்வர்களிடம் திரும்புகிறேன். பிள்ளைகள் பொய்யாகக் கத்துவது தவறென்றால், ஆபத்து என்று நிஜமாக நினைத்து, ஆனால் தேவையில்லாமல் இயந்திரத்தை நிறுத்தியவரைத் தண்டிப்பது அதைவிடத் தவறு. உங்களில் சிலருடைய பணிமனையில் அவசர பட்டனை அழுத்தியவர் விளக்கக் கடிதம் எழுதித் துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை நின்றது, புரோகிராம் கெட்டது, யார் பொறுப்பு என்று கேள்வி. பதினெட்டு வயதுப் பிள்ளை இதை நினைத்துக்கொண்டு பட்டன் அருகில் நின்றால் கை போகுமா?

ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாகச் செயல்படும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவில் அங்கேதான் அதிகமாக இருந்தது. அங்கே அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததை வெளியே சொன்னார்கள். மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். ஃபோர்மேனாக இருந்த காலத்தில் நான் இதையே வேறு விதமாகக் கவனித்திருக்கிறேன். ஷிப்டு தொடங்கும்போது கலகலப்பாக இருக்கும் கும்பலில்தான் "அண்ணே, அந்த வால்வு எனக்குச் சரியாப் படல" என்று சின்னப் பையன் வாய் திறப்பான். கும்மென்று இருக்கும் கும்பலில் எல்லோரும் தலையாட்டுவார்கள். கோளாறு தெரிய வரும்போது பொருள் உடைந்திருக்கும். ஆகவே சிரிப்புச் சத்தம் வரும் பணிமனையைப் பார்த்து நான் கவலைப்படுவதில்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் காது கொடுப்பேன்.

என் பணிக்காலம் முழுவதும் எங்களை ஆண்டது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம். ஓடும் இயந்திரத்துக்கு வேலி போடு என்று முதலாளிக்கு 21ஆம் பிரிவு சொன்னது. பாதுகாப்புக்கு வைத்த சாதனத்தில் வேண்டுமென்றே கை வைக்காதே என்று தொழிலாளிக்கு 111ஆம் பிரிவு சொன்னது. சிரிக்காதே என்று நான் படித்த எந்தப் பிரிவிலும் இல்லை. தொழிற்சாலை என்றால் இன்ஸ்பெக்டர் வருவார், கதவு சுவிட்சில் காந்தம் இருந்தால் கேள்வி கேட்பார். கல்லூரிப் பணிமனைக்கு அவர் வந்து நான் பார்த்ததில்லை. இயந்திரம் என்னவோ ஒன்றுதான். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து தொழில் 4.0 (கணினியும் ரோபோவும் கலந்த உற்பத்தி) தரத்துக்கு உயர்த்திய திட்டத்துக்குப் பிறகு, ரோபோ கை பெரிய கல்லூரிகளுக்கு மட்டும் உரியது என்றும் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்து வரும் பிள்ளைகள் அதன் முன் நிற்கிறார்கள். மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் கோபாட் வாங்கிவிட்டோம், எங்களுக்குக் கவலையில்லை என்போர், அதன் கையில் என்ன கருவி மாட்டியிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கவும்; கத்தி மாட்டினால் கோபாட்டும் கத்திதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். சாதாரணக் காந்தத்துக்கு ஏமாறாத, தன் ஜோடித் துண்டை மட்டும் அடையாளம் காணும்படி குறியீடு பொருத்திய கதவு சுவிட்சுகள் கடையில் கிடைக்கின்றன, வாங்கி மாட்டுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் வேண்டாம், உள்ளே போய்க் கை வைக்கும் குழுவுக்காவது சொந்தப் பூட்டும் சாவியும் கொடுங்கள். மெயினில் தன் பூட்டை மாட்டிவிட்டு உள்ளே போகட்டும், வெளியே வந்து தானே கழற்றட்டும். நிறுத்தியவரிடம் விளக்கம் கேட்கும் வழக்கத்தை எழுத்துப்பூர்வமாக ரத்து செய்யுங்கள். டீ ஆற்றியவனைத் தண்டிக்கத்தான் வேண்டும் என்றால், முதலாண்டு மாணவர்களுக்கு வேலிக்கு வெளியே நின்று அதே நிகழ்ச்சியை நடத்திக் காட்டச் சொல்லுங்கள்: கீழே டம்ளரை ஸ்டாண்டில் வைத்து, கதவைப் பூட்டி, காந்தம் இல்லாமல். அவனுக்கு அந்தத் திறமை இருக்கிறது; மூன்றாம் தடவையிலேயே டம்ளருக்குள் விழுந்துவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கேட்பது லேப் அசிஸ்டென்டுக்காக. சிறப்பு விருந்தினரோ, தாளாளரோ, துறைத்தலைவரோ யாராக இருந்தாலும், "உள்ளே போகக் கூடாது" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று முதல்வர் கையெழுத்திட்ட ஓர் ஆணை அந்தச் சுவரில் இருக்க வேண்டும். வாய்மொழி உத்தரவு போதாது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் வாய்மொழி உத்தரவை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆணையின் வரைவை மாணவர்களும் நானும் சேர்ந்து எழுதி, கடந்த வாரம் முதல்வர் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். ஒரு பக்கம்தான். மற்ற கல்லூரிகளும் கேட்டால் நகல் தருகிறோம். பெயரையும் தேதியையும் மாற்றிக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேன்,
கடலூர் முதுநகர்.